என் பெயரில் கிடந்த ராணியின் கடன்

போன வருஷம் ஜூன் முதல் திங்கட்கிழமை. சங்கரன்கோவிலில் வங்கியை விட்டு வெளியே வந்தவள், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மறந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கால் சுட்டதே தெரியவில்லை.

வீட்டுக்காரர் இறந்த பிறகு, உள்பாவாடை தைத்துத்தான் நானும் மகளும் சாப்பிடுகிறோம். வாடகைக்கு ஓட்டிய இரண்டு பவர் தையல் மிஷினையும் அதன் சொந்தக்கார அண்ணாச்சி விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் நான் வாங்காவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குத்தான் கடன் கேட்டேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க பேர்ல ஒரு கடன் கட்டாம நிக்குதேம்மா. நாங்க குடுக்க முடியாது."

"நான் யாருட்டயும் அஞ்சு பைசா வாங்கல சார்!" என்று கத்தியே விட்டேன்.

பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. எங்கள் மகளிர் குழுவில் ஒருத்திக்குக் கடன் கிடைக்காவிட்டால் இன்னொருத்தி பெயரில் எடுத்துக் கொடுப்போம். பக்கத்து வீட்டு ராணிக்காக நான் ஆதார் கார்டைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அது அவள் கடன் என்றே நினைத்திருந்தேன், பைத்தியக்காரி! அவளோ வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போய்விட்டாள். போனும் எடுக்கவில்லை.

மூன்று வாரம் ஜெபித்தேன். ஜெபமா அது? அவள் நாசமாய்ப் போகட்டும் என்றே அழுதேன். பதில் இல்லை. மகள் படிப்பை விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறேன் என்றாள். அன்றைக்கு எனக்கு எல்லாமே முடிந்துபோனது. முழங்காலில் விழுந்தபோது, "அவளுக்கு என்ன கஷ்டமோ, அவளையும் பாரும் ஆண்டவரே" என்று மட்டும் வந்தது.

மறுநாள் காலை ராணி வாசலில் நின்றாள். காதில் கம்மல் இல்லை, துளை தூர்ந்துபோகாமலிருக்க வேப்பங்குச்சி. "எக்கா, கம்மல வித்து கெட்டிட்டேன். ஒங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுத்தான் போன எடுக்கல" என்று, கடன் முடிந்த சீட்டை நீட்டினாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

மிஷின் இரண்டும் அந்த மாதக் கடைசியில் போய்விட்டன. கம்ப்யூட்டரில் என் பெயர் சரியாகவே இரண்டு மாதம் ஆனது. அதுவரை கை ஊசியால் பட்டன் கட்டிப் பிழைத்தோம். பிறகு கடன் வந்தது. ஒரு மிஷின் வாங்கினேன். மகள் படிக்கிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது யார் கேட்டாலும் ஆதார் கார்டு கொடுப்பதில்லை. "வாட்டி, ஒன் பேர்லயே கேப்போம்" என்று வங்கிக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் கூட்டிப்போனது ராணியைத்தான். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை கடன் கிடைத்தது.

அந்த வங்கி வாசலில் அழுதுகொண்டு நிற்கிற சகோதரியே, ஆண்டவரை நம்பிக் கேள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல், நானும் ராணியும் கூட வருகிறோம்.