மூன்றாம் மாடிக்குப் போன புகார்

ஒரே வேலையை இரண்டு முறை செய்வது ஸ்வர்ணலதாவுக்குப் பிடிக்காது. மந்தைவெளிக்காரி. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் நாலாவது மாடி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர்கள் பெட்டியில் போடும் கருத்துச் சீட்டுகளை எடுத்து ஷீட்டில் அடித்து, பிரிண்ட் போட்டு, மாடி மாடியாக இன்சார்ஜ்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாயம் போச்சு, லிஃப்ட் ஓடல, சேல்ஸ் பொண்ணு மூஞ்சிய காட்டுது. ஒரு கட்டு முடிவதற்குள் அடுத்த கட்டு வந்து நிற்கும்.

யூடியூபைப் பார்த்து அவளே கற்றுக்கொண்டாள். பில் கவுன்டரில் ஒரு க்யூஆர் ஒட்டினாள். போனைக் காட்டினால் ஃபார்ம் திறக்கும். நிரப்பினால் ஷீட்டில் ஒரு வரி விழும். விழுந்த வரியை ஆட்டோமேஷன் எடுத்து, எந்த மாடி என்று பார்த்து, அந்த மாடி இன்சார்ஜின் வாட்ஸப்புக்குத் தள்ளிவிடும். மேலே ஒரு வாசகம், அவள் எழுதியது: ‘வணக்கம். உங்கள் தளத்தில் இருந்து ஒரு புகார் வந்துள்ளது. இன்றே சரிசெய்யவும்.’ முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார். பாராட்டோடு சரி.

மூன்றாவது மாடி பட்டுப்புடவை. இன்சார்ஜ் இசக்கிமுத்து. அவன் அடிப்பான். வந்த பார்ட்டி வாங்காமல் போனால் அடிப்பான், நின்று நின்று கால் கடுத்து ரேக்கில் சாய்ந்தால் அடிப்பான். கேமரா இல்லாத ஸ்டாக் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பான். சேல்ஸ் பெண்கள் எல்லாம் தெற்கிலிருந்து வந்தவர்கள். தூங்குவது கடை ஹாஸ்டலில், தின்பது கடைச் சோறு. அடிக்கிறவனுக்கு இது தெரியும்.

ஒருநாள் ஒரு அரசு அதிகாரி வந்து, பெண் ஊழியர்கள் புகார் சொல்ல என்ன ஏற்பாடு என்று கேட்டுவிட்டுப் போனார். முதலாளி ஸ்வர்ணலதாவைக் கூப்பிட்டார்.

“பேர் கேக்காத மாதிரி ஒரு ஃபார்ம் போட்டுரும்மா. நாளைக்கு வந்து பார்ப்பாரு.”

புதிதாக எதற்குச் செய்வது? வாடிக்கையாளர் ஃபார்மை அப்படியே ஆட்டோமேஷனோடு காப்பி எடுத்தாள். பேர், போன் நம்பர் கட்டங்களை நீக்கினாள். தலைப்பை மாற்றினாள். சோதித்துப் பார்க்க, மாடி என்ற இடத்தில் ‘ஆபீஸ்’ என்று போட்டு அனுப்பினாள். அடுத்த நொடி அவள் போன் சிணுங்கியது. எல்லாப் புகாரும் தனக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டாள். ஆபீசுக்கு இன்சார்ஜ் அவளே என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

வேலைநேரத்தில் சேல்ஸ் பெண்கள் போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் பெண்கள் சாப்பிடும் அறையில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டினாள். பட்டு செக்‌ஷன் சண்முகவடிவு அதைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தாள். நெற்றியில் புதுத் தையல்.

“எழுதுனா தெரிஞ்சிராதாக்கா?”

“யார் எழுதனான்னு எனக்கே தெரியாதுடி. பேரே கேக்காது. எம்மேல நம்பிக்க கீதா, இல்லியா?”

“ஒங்கள நம்பித்தான் எழுதுதேன்.”

ஆடித் தள்ளுபடி நேரம். சாப்பாட்டு வேளையில் ஷீட்டில் ஒரு வரி விழுந்தது. ‘மூன்றாவது மாடி. இசக்கிமுத்து ஸ்டாக் ரூமில் வைத்து என் தலையை ரேக்கில் முட்டினான். தையல் போட்டிருக்கு.’ பேர் இல்லை. பேர் எதற்கு, தையல் போதுமே.

ஸ்வர்ணலதா தன் போனைப் பார்த்தாள். சத்தமில்லை. ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்தது. யாருக்கு? பக்கத்துக் கட்டத்தில் இருந்த நம்பர் அவளுடையது அல்ல, இசக்கிமுத்துவுடையது.

நாற்காலி பின்னால் விழுந்தது. ஓடினாள்.

மூன்றாவது மாடியில் கூட்டம் நெரிந்தது. ஸ்பீக்கரில் தள்ளுபடி அறிவிப்பு. கவுன்டருக்குப் பின்னால் பெண்கள் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே ஸ்டாக் ரூம் கதவைப் பார்த்தார்கள். உள்ளே தகரத்தில் ஏதோ மோதும் சத்தம். மறுபடியும் சத்தம். ஸ்வர்ணலதா கதவை இரண்டு கையாலும் குத்தினாள்.

திறந்தவன் இசக்கிமுத்து. கையில் துணி அளக்கும் இரும்புக் கோல்.

“வாங்க மேடம். இன்னைக்கே சரிசெய்யணும்னு நீங்கதான அனுப்பியிருக்கீய? சரிசெஞ்சிக்கிட்டு இருக்கேன்.”

அவனுக்குப் பின்னால் சண்முகவடிவு தரையில் கிடந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதட்டுக் கிழிசலில் பல் தெரிந்தது. நெற்றித் தையல் பிரிந்து, ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

“கோல கீழ போடு.”

“போடி மேல. கம்ப்யூட்டர் தட்டுத கழுதைக்கு இங்க என்ன சோலி?”

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கோல் அவள் தோளில் இறங்கியது. அடுத்தது வாயில். ஒரு பல் நாக்கில் உருண்டது. துப்பிவிட்டு அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் முட்டியை மடக்கி அவள் வயிற்றில் இடித்தான். விடவில்லை. மணிக்கட்டைக் கடித்தாள், பல் எலும்பில் படும்வரை கடித்தாள். அவன் அலறினான். கோல் தரையில் விழுந்து உருண்டது.

திறந்த கதவு வழியாக அந்த அலறல் மாடி முழுக்கக் கேட்டது. அவன் அலறி அவர்கள் கேட்டதில்லை. முதலில் ஒருத்தி கவுன்டரைத் தாண்டி வந்தாள். கல்யாணப் பார்ட்டிக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த பட்டைக் கையோடு கொண்டுவந்து அவன் தலையில் போர்த்தி, பின்னாலிருந்து இழுத்தாள். அவன் மல்லாந்து விழுந்தான். மற்றவர்கள் வந்துவிட்டார்கள். மர ஸ்டூல், ஹேங்கர், காலில் கிடந்த செருப்பு, கையில் அகப்பட்டதை எல்லாம் எடுத்து அடித்தார்கள். யாரும் கத்தவில்லை. பட்டுக்குள்ளிருந்து “அம்மா, அம்மா” என்றது அவன் குரல். சரிகைக்கு மேல் சிவப்பு ஊறியது. ஒருத்தி இரும்புக் கோலை எடுத்து ஓங்கியபோது ஸ்வர்ணலதா குறுக்கே விழுந்து பிடித்தாள்.

“போதும். செத்தான்னா நம்ம உள்ள போவோம். இவள தூக்குங்கடி.”

மேனேஜர் ஸ்ரீரங்கன் ஓடி வந்தார். முதலில் கூட்டத்தைப் பார்த்தார், அப்புறம்தான் ரத்தத்தை.

“சரக்கு லிஃப்ட்ல எறக்குங்கோ. கஸ்டமர்லாம் பாக்கறா.”

“பாக்கட்டும் சார்,” என்றாள் ஸ்வர்ணலதா. வாய் வீங்கி வார்த்தை குழறியது. “முன்வாசல் வழியாத்தான் போவோம்.”

தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படியில் ஜனம் ஒதுங்கியது. ஸ்ரீரங்கன் அவள் காதோரமாகவே இறங்கினார்.

“அந்த ஷீட்டை மட்டும் டெலீட் பண்ணிடும்மா. ஒன் வேல எங்கயும் போகாது. நா பாத்துக்கறேன்.”

“அழிக்க மாட்டேன்.”

“அதுல ஒன் தப்பும் இருக்கு, தெரியுமோல்லியோ?”

“தெரியும். அதான் அழிக்க மாட்டேன்.”

ஆஸ்பத்திரியில் கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள், உதட்டைத் தைத்தார்கள். சண்முகவடிவு வீங்காத ஒற்றைக் கண்ணால் ஸ்வர்ணலதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?”

“நான்தான் அனுப்பினேன். பழைய ஃபார்மைக் காப்பி அடிச்சேன். எங்க போவுதுன்னு சரியாப் பாக்கல. எம்மேலதான் தப்பு.”

சண்முகவடிவு இடது கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தாள். உடைந்த பல் இருந்த பக்கம். ஸ்வர்ணலதா முகத்தைத் திருப்பவில்லை.

புகார் எழுத ஏட்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தாளும் கேஸ் குடுத்துக்கீறாரு. எல்லாம் சேர்ந்து கொல்லப் பாத்தீங்கன்னு. யோசிச்சு சொல்லுங்க. பேர் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஏதோ பாத்து முடிச்சுக்கலாம்.”

“பேரு போடுங்க,” என்றாள் சண்முகவடிவு. தையல் இழுத்தது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “சண்முகவடிவு. அப்பா பேரு வெள்ளைத்துரை. ஊரு சங்கரன்கோவில். மொதல்லேருந்து சொல்லுதேன், ஒண்ணு விடாம எழுதுங்க.”

ஸ்வர்ணலதா எழுந்தாள். “நான் வெளிய நிக்கட்டா?”

“எங்க போறீய?” என்றாள் சண்முகவடிவு, அவளைப் பார்க்காமல். “அடுத்து நீங்க சொல்லணும். உக்காருங்க.”