வரிவண்ணத்தைக் கைமாற்றியவள்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி மாரீஸ்வரனின் பஞ்சர் கடை இருக்கிறது. லாரி டயர் வேலைதான் அங்கே அதிகம். வழியில் நின்றுபோன வண்டிக்காரர்கள் போன் போட்டால் மாரீஸ்வரன் சாமான் பையை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் திரும்பும்வரை கடையில் உட்கார்ந்திருப்பது அவன் மனைவி தங்கச்செல்வி. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே கடை நாற்காலி அவளுக்கென்று ஆகிவிட்டது.

அவள் எம்.ரெட்டியபட்டிக்காரி. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. காடுகரை உள்ள வீட்டுப் பெண் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போவதா என்று அப்பா பால்சாமி அந்தப் பேச்சை அன்றைக்கே முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். அமைந்தவன் நல்லவன்தான். குடிக்க மாட்டான், அதட்ட மாட்டான். மாமியார் சோலையம்மாளும் கொடுமைக்காரி இல்லை. யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. ஆனால் டவுனுக்குப் போய்வரட்டுமா என்று கேட்டால், அப்போ கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். அதற்கு அந்த வீட்டில் ஒருநாளும் பதில் இருந்ததில்லை.

காலேஜில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அவளோடு புகுந்த வீட்டுக்கு வந்திருந்தது. ஆள் வராத நேரத்தில் அதைத் திறந்துவைத்து, யார் யாரோ எழுதி இணையத்தில் போட்டிருக்கும் கம்ப்யூட்டர் நிரல்களைப் படிப்பாள். படித்த படிப்பு மறந்துபோய்விடக் கூடாது என்றுதான் தொடங்கினாள். போகப்போக அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. கஷ்டம் என்னவென்றால், நிரல் கோப்பை பிரவுசரில் நேராகத் திறந்தால் எல்லாம் ஒரே கறுப்பாக வரும். எது கட்டளை, எது எண், எது எழுதியவர் இடையில் போட்டுவைத்த குறிப்பு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கண் வலிக்கும். நிரல் எழுதுவதற்கென்று உள்ள மென்பொருள்களில் இவையெல்லாம் தனித்தனி நிறத்தில் தெரியும். அவளுடைய பழைய லேப்டாப்போ அவற்றைப் போட்டால் திணறி நின்றுவிடும்.

அதனால் அவளே ஒன்று எழுதினாள். பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற சின்ன எக்ஸ்டென்ஷன். கோப்பைத் திறந்ததும் கட்டளைகள் நீலமாகும், மேற்கோள் குறிக்குள் இருப்பவை பச்சையாகும், குறிப்புகள் சாம்பல் நிறத்தில் ஒதுங்கிக்கொள்ளும். வரிவண்ணம் என்று பெயர் வைத்து, பிறருக்கும் உதவட்டுமென்று எல்லோரும் எடுத்துக்கொள்கிற இணையத்தளத்தில் தன் பெயரிலேயே ஏற்றிவிட்டாள்.

சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஆயிரக்கணக்கில், பிறகு லட்சக்கணக்கில். பிரேசிலிலிருந்து ஒருவர் நன்றி எழுதியிருந்தார். அதை அவள் மாரீஸ்வரனிடம் படித்துக் காட்டியபோது அவன் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி, அவருக்கு நம்ம பந்தல்குடி எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று கேட்டான். இருவரும் சிரித்தார்கள்.

அப்புறம் குறைகள் வரத் தொடங்கின. ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் அங்கிருந்து கோப்பு முடியும்வரை எல்லாமே பச்சையாகிவிடுகிறது என்றார் ஒருவர். மொத்த நிரலையும் ஒரே வரியாக நெருக்கி எழுதிய கோப்பைத் திறந்தால் பிரவுசரே உறைந்துபோகிறது என்றார் இன்னொருவர். ரொம்ப நீளமான வரியை வண்ணமேற்றாமல் அப்படியே விட்டுவிடும்படி அதைச் சரிசெய்தாள். ஒன்றைச் சரிசெய்தால் மூன்று வந்து நின்றன. பதில் சொல்லத் தாமதமானால், ஆள் இருக்கிறீர்களா இல்லையா என்று சிடுசிடுத்தார்கள். கடையில் டயருக்குக் காத்திருப்பவர்கள் ஒருபக்கம், திரைக்குள் காத்திருப்பவர்கள் இன்னொருபக்கம். மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று செய்தது அவளுக்கு இரண்டாவது கடையாகிப் போனது.

அந்த நேரத்தில்தான் விக்டர் என்று ஒருவன் வந்தான். எந்த நாடு என்று சொல்லவில்லை. கேட்காமலே சில பிழைகளைத் திருத்தி அனுப்பினான். வேலை சுத்தமாக இருந்தது, பேச்சு அதைவிட மரியாதையாக இருந்தது. சில மாதங்கள் இப்படியே போயின. அதற்குள் தங்கச்செல்வி முழுகாமல் இருந்தாள். வாந்தியும் தலைசுற்றலுமாக நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஓய்வெடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் எழுதினான். கணக்கின் பாஸ்வேர்டை அவனுக்கு அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஈஸ்வரி என்று பேரிட்டார்கள். பிள்ளை குப்புற விழுகிற பருவத்தில், அவள் போனுக்குச் செய்திகள் குவியத் தொடங்கின. நீ உளவாளியா, திருடியா, எங்களை விற்றுவிட்டாயே என்று முகம் தெரியாதவர்கள் திட்டியிருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து, வரிவண்ணத்தின் புதிய பதிப்பை அந்த வரிவண்ணத்தின் வழியாகவே கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்தாள். நீலமும் பச்சையுமாக எல்லாம் அவள் எழுதியது போலவே இருந்தது. ஒரு கோப்பின் அடியில் மட்டும், வலப்பக்கம் முடிவில்லாமல் ஓடுகிற ஒரு வரி வண்ணமேறாமல் கறுப்பாகக் கிடந்தது. நீளமான வரிகளை விட்டுவிடு என்று அவள்தானே சொல்லி வைத்திருந்தாள். அந்த வரியைப் பிட்டுப் பிட்டுப் படித்தாள். யார் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பக்கத்தின் முகவரியை எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது அது.

கணக்கிற்குள் போகப் பார்த்தாள். பாஸ்வேர்டை மாற்றியிருந்தான். விக்டருக்கு எழுதிய எதற்கும் பதிலில்லை.

மாரீஸ்வரனிடம் சொன்னாள். அவனுக்குப் பாதிதான் விளங்கியது. போலீஸ் வருமா என்று மட்டும் கேட்டான். அது சோலையம்மாள் காதில் விழுந்துவிட்டது. கைப்பிள்ளைக்காரிக்கு எதுக்குத்தா இந்த வம்பு, பேசாம இரு, தானா அடங்கிரும் என்று சொல்லி, லேப்டாப்பை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபத்தில் செய்ததல்ல, பயத்தில் செய்தது. அதனால்தான் தங்கச்செல்வியால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

இரண்டு நாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மாரீஸ்வரன் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, என் பேரப் பாத்து நம்பித்தான வரிவண்ணத்த எடுத்தவுக வச்சிருக்காக. நான் சொல்லாட்டி வேற யாரு சொல்லுவா?"

"சொன்னா ஒன்னத்தான புடிப்பாக?"

"இப்பவும் என்னையத்தான் புடிச்சிருக்காக. வாயத் தொறக்காம அகப்பட்டுக் கெடக்க முடியலைங்க."

அவன் கழற்றிய நட்டுகளைத் தகரத்தில் போட்டான். மத்தியானம் சாப்பிடப் போனவன் திரும்பி வரும்போது லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். சாவியை எப்படி வாங்கினான் என்று அவள் கேட்கவில்லை.

மறைக்காமல் எழுதினாள். இதைச் செய்தவள் நான்தான், ஆள் தெரியாமல் கொடுத்துவிட்டேன், அந்த வரி இங்கே இருக்கிறது, இப்போதே நீக்கிவிடுங்கள் என்று, குறை சொல்பவர்கள் எழுதுகிற பொதுப்பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். தளத்தை நடத்துபவர்களுக்கும் அனுப்பினாள். தன் கையால் செய்ததைத் தூக்கி எறியுங்கள் என்று ஊர் உலகத்திடம் கெஞ்சும்போது அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மற்றக் கையால் தட்டச்சு செய்தாள்.

அந்த வாரமே வரிவண்ணத்தை எடுத்துவிட்டார்கள். கூடவே அவள் பெயரையும் முடக்கினார்கள். புதிய கணக்குக் கேட்டால், விதிமீறியவர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று இயந்திரம் பதில் சொல்கிறது. மனிதர் யாராவது படிப்பார்கள் என்று அவள் விளக்கி எழுதியவற்றுக்கு இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. திட்டியவர்களில் சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். பலர் கேட்கவில்லை.

அவளுடைய பழைய நிரல் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியில் இருந்ததால், போர்ச்சுகலில் லூசியா என்ற பெண் அதை வேறு பெயரில் திரும்ப ஏற்றினாள். உங்களைத் தவிர யாருக்கும் இதன் நெளிவு சுளிவு தெரியாது, கூட இருங்கள் என்று கேட்டாள். தங்கச்செல்வி யோசித்தாள். வேண்டாம் என்று எழுதி, அழித்துவிட்டு, சரி என்று எழுதினாள். வேலை இவளுடையது, வெளியே தெரிவது லூசியாவின் பெயர். யாராவது புதிதாக உதவ வந்தால், அவர்கள் அனுப்புவதில் ஒவ்வொரு எழுத்தையும் இவள் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள்.

போன மாதம் மாரீஸ்வரன் மெதுவாகக் கேட்டான்.

"அத இன்னும் விடலையா, செல்வி?"

"விட்டுப் பாத்தம்லங்க. இனிமே விட முடியாது."

ரோட்டோரத்தில் ஒரு லாரி ஒதுங்கி நின்றது. பின்சக்கரம் தரையோடு அமுங்கியிருந்தது. சேலைத்தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, என்னண்ணே என்று கேட்டபடி அவள் எழுந்து போனாள்.