எண்ணெய் ஊற்றாத எஞ்சின்

அண்ணனின் ஜீப் எஞ்சின் செத்தது என்னால்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது. கோழைகளுக்கு எழுத்து நல்ல வசதி.

அண்ணன் கொட்டாஞ்சேனையிலிருந்து துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்று வருவார். அந்தத் தோட்ட ரோடுகளில் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் ஜீப்பைத் தவிர வேறொன்றும் ஏறாது. அதன் டீசல் எஞ்சினோ தேய்ந்துபோய், ஏற்றம் கண்டாலே நீலப்புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும். கடைசியில் அண்ணியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்ச, ஜப்பானிலிருந்து வந்த, ஏற்கெனவே ஓடிப் பாவித்த ஒரு எஞ்சினை வாங்கினார். அது ஓடினால்தான் குடும்பம் ஓடும்.

மாளிகாவத்தையில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜில் எஞ்சின் மாற்றும் வேலை நடந்தது. புதியது பழையதன் இடத்தில் லேசில் உட்காரவில்லை. வெட்டி, ஒட்டி, நானாவிடம் ஏச்சு வாங்கி, நாலாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில்தான் உட்கார்ந்தது. பத்தரைக்கு இராகுகாலம் தொடங்குமுன் ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும் என்று அண்ணன் கலண்டரைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அவர் தேங்காயும் கற்பூரமும் வாங்கப் போயிருந்த நேரம், நானா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு சாமான் எடுக்கப் பஞ்சிகாவத்தைக்குப் போறன். நான் வாரவரைக்கும் சாவியத் தொட வாணாம்."

"சரி நானா," என்றேன்.

தன் கைக்கடிகாரத்தில் பத்தேகால் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வந்தார். சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். நானாவைக் காணவில்லை. அண்ணன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேரம் போகுதுடா. நீ ஏறித் திருகு."

தொட வேண்டாம் என்று நானா சொல்லிவிட்டுப் போனார். இதை மட்டும் நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அண்ணனை மறித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அந்த எஞ்சினை முதலில் முழக்கிக் காட்டும் ஆள் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் மீதி.

ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. அண்ணன் சிரித்தார், சின்ன வயதுக்குப் பிறகு நான் காணாத சிரிப்பு. "இன்னும் குடு, இன்னும் குடு!" என்றார். கொடுத்தேன். உள்ளே ஏதோ கிறீச்சிட்டது, ஒரு பெரிய சத்தம், அதோடு நின்றுபோனது. மறுபடி திருகினேன். எஞ்சின் அசையவே இல்லை.

அப்போதுதான் நானா இரண்டு கேன் எஞ்சின் ஒயிலோடு வாசலில் வந்து நின்றார். "ஒரு சொட்டு எண்ணெ இல்லாமயா ஸ்டார்ட் பண்ணின?" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நல்ல மனுஷன், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் கராஜ் மணிக்கூட்டையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடையது பிந்தி ஓடியிருக்கிறது. பத்தரை எப்போதோ தாண்டிவிட்டது.

"எண்ணெயாவது மண்ணாவது. ராகுகாலத்துல திருகச் சொன்னது நான்தானே. நான் கை வச்சா எதுவுமே வெளங்காதுடா."

இன்னொரு எஞ்சினுக்கு வழியில்லை. ஜீப் பழைய இரும்புக்குப் போனது. அண்ணன் புறக்கோட்டையில் யாரோ ஒருவருடைய கடையில் துணி அளந்து வெட்டிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று எத்தனையோ தடவை அவர் வீட்டுப்படி ஏறியிருக்கிறேன். "சாப்பிட்டியாடா?" என்பார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

வருஷங்கள் கழித்து, அவர் மகளின் கல்யாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தம் நெருங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீயும் உன் பொண்டாட்டியும் உக்காந்து தாரை வார்த்துக் குடுங்கடா. நல்ல நேரத்துல என் கை பட வேணாம். புள்ள நல்லா இருக்கணும்."

அண்ணி அழுதும் அண்ணன் கேட்கவில்லை. படியிறங்கி, பஸ்கள் இரைந்தோடும் காலி வீதியோரம் போய் நின்றுகொண்டார். மேளம் கொட்டத் தொடங்கியது. அவர் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, நான்தான் தண்ணீர் வார்த்தேன்.