இறக்கிய பிறகு இறுக்க வேண்டிய போல்ட்

“அம்மா, அந்த வண்டிய வித்துடலாம்மா.”

போன வாரம் சென்னையிலிருந்து பேசிய என் மகன் அருண், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் இப்படித்தான் ஆரம்பித்தான். வண்டி செய்த குற்றம் என்ன? பொங்கலுக்கு வந்தபோது ஓட்டிப் பார்த்தானாம். முன்பக்கம் ‘கடக்... கடக்...’ என்று சத்தமாம். பழைய கார் வாங்குகிற ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டான். சனிக்கிழமை வருகிறேன், முடித்துவிடலாம் என்றான்.

“அப்புறம் நான் எதுல போறது?”

“கால் டாக்ஸி இருக்கில்ல? ஆப்ல புக் பண்ணா வாசலுக்கே வரும்.”

வாசலுக்கே வருமாம்! என் கணவர் நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் பக்கத்து ஊரான வடக்குத்துக்குக் குடிவந்தோம். எங்கள் தெருவைப் பொறுத்தவரை ஆப்பில் கார் படம் நன்றாகச் சுற்றும். கார்தான் வராது.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தக் கார் எனக்கு வேண்டும் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி என் அக்கா வசந்தா. காடாம்புலியூரில் இருக்கிறாள். முந்திரித் தோப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் வாக்கர் பிடித்து நடக்கிறாள். புதனும் சனியும் டவுன்ஷிப்புக்கு பிசியோதெரபிக்கு வர வேண்டும். அதை விட்டால் கால் இறுகிவிடும், பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் உட்கார முடியாது. என் கார் ஒன்றுதான் அவளுக்குக் கால்.

இதெல்லாம் அருணுக்குத் தெரியாதா? ‘பெரியம்மாவுக்கு இடுப்பு வலி’ என்ற அளவில் தெரியும். போனில் அவ்வளவுதானே தெரியும்!

விஷயத்தைச் சொன்னதும் என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மைன்ஸில் மெயின்டெனன்ஸ் பிரிவில் காலமெல்லாம் வேலை செய்தவர். மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் மண் வெட்டும் மெஷினைப் பிரித்து மாட்டிய கைகள். அவர் எதிரில் ஒரு சின்னக் கார் ‘கடக்’ என்றால் விடுவாரா?

“லோயர் ஆர்ம் போயிருக்கு. அதுக்குப் போய் வண்டிய விக்கறதா? நானே மாத்தறேன்.”

லோயர் ஆர்ம் என்பது முன்சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைக்கிற இரும்புக் கை. சக்கரத்துப் பக்கம் ஒரு பால் ஜாயின்ட், உடம்புப் பக்கம் ரப்பர் புஷ். ரப்பர் தேய்ந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். இவ்வளவும் எனக்கு அன்று நடந்த வகுப்பில் தெரிந்தது. கேட்காமலே நடத்தப்பட்ட வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலீம் பாய் வந்துவிட்டார். என் கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், இன்னும் சர்வீஸில் இருப்பவர். போர்ட்டிகோவில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஜாக்கியை நம்பக்கூடாது என்று இரும்பு ஸ்டாண்டையும் முட்டுக் கொடுத்தார்கள். கார் அந்தரத்தில் நின்றது, முன்சக்கரங்கள் இல்லாமல்.

இரண்டு மைன்ஸ்காரர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பேச்சே இருக்காது. “ம்.” “இன்னும்.” “போதும்.” அவ்வளவுதான். கன்வேயர் பெல்ட் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பழகிய வாய்கள். துரு ஏறிய ஒரு போல்ட் மட்டும் மசியவில்லை. அதற்கு எண்ணெய் விட்டு, தட்டி, டீ குடித்து, மறுபடியும் தட்டி... ஒருவழியாக வந்தது. பழைய புஷ்ஷைக் காட்டினார்கள். காய்ந்த பலாக்கொட்டைத் தோல் போல உரிந்து வந்தது.

இரண்டு பக்கமும் புதிய ஆர்ம் மாட்டியாயிற்று. நான் கொஞ்சம் அவசரப்பட்டேன்.

“இறக்கிடலாமா? அக்காவுக்கு போன் பண்ணணும்.”

சலீம் பாய் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாண்ணி நீங்க! எல்லா போல்ட்டும் ஃபுல் டைட் ஆவாம எறக்குவாங்களா? மைன்ஸ்ல அப்புடி எறக்கினா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிக்க வேண்டியதுதாங்க.”

என் கணவர் ஸ்பேனருக்கு ஒரு நீளப் பைப்பை மாட்டி, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கினார். சலீம் பாய் சரிபார்த்தார். இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சாக்பீஸால் கோடும் போட்டார். அதற்குப் பிறகுதான் கார் தரைக்கு வந்தது.

தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை! இருவர் முகத்திலும் ஏதோ ரிக்கார்டு உற்பத்தி செய்துவிட்ட பெருமை. எனக்கும் சந்தோஷம்தான். வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை அக்காவை அழைத்து வந்தேன். வழியில் பாலம் வேலைக்காக ரோட்டைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள். அங்கே வந்ததும் அக்கா எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அன்றும் பிடித்துக்கொண்டாள். முதல் குழியிலேயே “அம்மா!” என்று கத்திவிட்டாள்.

டவுன்ஷிப்பில் இறங்கியபோது அவள் கண்ணெல்லாம் ஈரம்.

“சத்தம் போயிடிச்சிடி மல்லி. ஆனா முன்ன சத்தம் போட்டுகினு மெத்துன்னு வந்துது. இப்ப சத்தமில்லாம குத்துது. இனிமே நான் வரலடி. நடக்காட்டிப் போவுது, வூட்லயே கெடக்கறேன்.”

சனிக்கிழமை வண்டியை விற்க மகன் வருகிறான். அதற்கு முன்பே அக்கா வண்டியை விட்டு இறங்கிவிட்டாள். இனி எதற்காகச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து சொன்னால், என் கணவர் அசரவில்லை. “புது பார்ட்ஸ். ஓட ஓட செட் ஆயிடும்.” எந்த ஆண் தான் பழுது பார்த்த பொருளைப் பற்றி வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்?

ஆனால் ஓட்டுகிறவள் நான். தூரத்தில் நின்று பார்த்தேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. டயருக்கு மேல் முன்பைவிட அதிக இடைவெளி. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். இந்த வயதில் படுப்பது சுலபம், எழுவதைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்றுதான் படுத்தேன். புது ரப்பர், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க... புதுசு இப்படித்தான் முறுக்கிகிட்டு இருக்குமா?”

பக்கத்தில் குனிந்து பார்த்தவர் விரலால் ரப்பரைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தொங்கவிட்டு இறுக்கிட்டோம் மல்லி.”

அவர் விளக்கியது இதுதான். கார் அந்தரத்தில் இருக்கும்போது ஆர்ம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே ரப்பரைக் கெட்டியாகப் பிடித்து இறுக்கிவிட்டார்கள். தரைக்கு வந்ததும் வண்டியின் பாரத்தில் ஆர்ம் மேலே போகும், பிடிபட்ட ரப்பர் போக முடியாமல் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் குத்தல். ரப்பரைப் பிடிக்கிற அந்த ஒரு போல்ட்டை மட்டும் கையால் லேசாக முடுக்கிவிட்டு, சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். மைன்ஸில் உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம், என் போர்ட்டிகோவில் என் அக்காவின் இடுப்பைப் பதம் பார்த்துவிட்டது!

சலீம் பாய்க்கு போன் போனது. ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். “அண்ணே, நானு வேற சாக்பீஸால கோடு போட்டு கெடுத்தேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். முன்சக்கரங்களைக் கனமான மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரைத் தன் காலிலேயே நிற்க வைத்தார்கள். கீழே படுத்து அந்த போல்ட்டைத் தளர்த்தியதும் ‘டொக்’கென்று ஒரு சத்தம். கார் பெருமூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்தது. பிறகு இறுக்கினார்கள்.

அன்றிலிருந்து இதே யோசனைதான் எனக்கு. நாமும் எத்தனை விஷயங்களை அந்தரத்திலேயே இறுக்கிவிடுகிறோம்? பாரம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு முன்பே முடிவை முறுக்கி, கோடும் போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் பெற்றோருக்காக எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த ரகம். பாசத்தில் குறையில்லை, இறுக்குகிற நேரம்தான் தப்பு.

அக்காவிடம் போனில் கெஞ்சினேன். “ஒரே ஒரு தடவை வா. வலிச்சா அப்புறம் கூப்பிடவே மாட்டேன்.” “செரி, வரேன் போ” என்றாள்.

சனிக்கிழமை அருண் வந்தான். காபி குடிக்கும்போதே விற்கிற பேச்சு. “முதல்ல பெரியம்மாவ அழைச்சிட்டு வருவோம், வா” என்றேன். நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில்.

காடாம்புலியூரில் அக்கா வாக்கரைப் பிடித்து வாசல்படி இறங்குவதை அன்றுதான் அவன் நேரில் பார்க்கிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். முன் சீட்டில் உட்காராமல், பின்னால் அவளோடு உட்கார்ந்தான்.

“வாரத்துக்கு ரெண்டு தடவையா பெரிம்மா?”

“ஆமா கண்ணு. உங்கம்மா ஒரு தடவகூட தப்ப வுட்டதில்ல.”

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் அவன் மணிக்கட்டு. கொத்திப் போட்ட ரோடு வந்தது. முதல் குழி. இரண்டாவது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு அக்காவின் குரல், கண்ணைத் திறக்காமலே.

“ஏண்டி மல்லி, அந்தப் பாழாப்போன ரோடு இன்னும் வரலியா?”

“அதத் தாண்டிட்டோம் பெரிம்மா” என்றான் அருண்.

சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய போன் அடித்தது. கார் வாங்க இருந்தவர். அக்காவின் பிடியிலிருந்து கையை எடுக்காமல், மறு கையால் போனைக் காதில் வைத்தான்.

“இல்லங்க, விக்கறதா இல்ல. வண்டில பெரிம்மா இருக்காங்க.”