மாமா ஏறாத வேன்

எங்கள் குடியாத்தத்தில் அந்தக் கட்சி ஒரு டீக்கடை பெஞ்சில் பிறந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களை விரட்டிவிட்டால் இனம் உருப்பட்டுவிடும் என்பது அதன் கொள்கை. இருந்தவர்களில் பாதிப் பேர் செயலாளர்கள். எங்கள் வீட்டிலேயே இருந்து லுங்கித் தறி ஓட்டிய என் தாய்மாமாவும் அவர்களில் ஒருவர். கொடிக்கம்பம் நட்டார்கள், செல்போனில் பேச்சுகளைப் பரப்பினார்கள், ஒரே வருடத்தில் தெருவுக்குத் தெரு ஆள் சேர்ந்தது. மாமா மீசையை முறுக்கிக்கொண்டு, சோறு கேட்பதைக்கூட மைக் பிடித்த மாதிரி கேட்டார். பத்து வயதில் எனக்கு அவர்தான் கதாநாயகன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் அந்தப் பையன்கள் தங்கியிருந்த கட்டடத்துக்கு ஊர்வலம். வேன் வாசலில் வந்து நின்றது. கொடி கட்டிய கம்புகள் கொடிக்குத் தேவையானதைவிடத் தடிமனாக இருந்தன. அம்மா காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"போவாதடா. எவனாவது செத்துகித்துப் போனா இன்னா பண்ணுவ?"

மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தறிக் கொட்டகை வழியாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவரே பார்த்துப் பார்த்துத் தறியில் ஏற்றிய பாவின் நீள இழைகள் அத்தனையும் அறுந்து தொங்கின. கீழே என் பள்ளிக்கூடக் கத்தரிக்கோல் கிடந்தது.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. "நான் இல்ல மாமா" என்று அழுதேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. "சிக்காவறதுக்குள்ள இழைய முடிச்சு போட்ரு. அப்புறம் எங்க வேணா போ" என்று தம்பியிடம் மட்டும் சொன்னாள். மாமா கட்சிக்காரர் ஆவதற்கு முன்பே நெசவாளி. பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி வேனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான இழைகள். பொழுது சாய்ந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

வேனில் போனவர்கள் இரண்டு பையன்களின் மண்டையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார்கள். தலைவர், அவர்கள் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டு வேறொரு கட்சிக்குப் போய்விட்டார். அந்தக் கொடிக்கம்பத்தில் இப்போது கேபிள் வயர் ஓடுகிறது. எங்கள் தறிகளில் ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் நெய்கிறார்கள். அவர்களுக்குக் குழம்பில் காரம் கம்மியாகப் போடச் சொல்லி அம்மாவிடம் சண்டை பிடிப்பவர் மாமாதான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாடா என்றிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அம்மா என் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். செய்யாத தப்புக்கு அடி வாங்க விட்டவள் என்ற கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காகிதத்தைக்கூட நேராக வெட்டத் தெரியாதவன் நான் என்பதும், அந்தப் பாவு அடிக்கோல் வைத்த மாதிரி நேராக வெட்டப்பட்டிருந்தது என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.