தம்பியின் எலி

என் சித்தப்பாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ராஜபாளையத்தில் நாலு பேரைச் சேர்த்துத் திரைப்படச் சங்கம் என்று ஒன்று நடத்தினார். எந்த நாட்டுப் படத்தையாவது வரவழைத்து, பள்ளிக்கூட ஹாலில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டுவார். அப்படித்தான் அந்த மெக்சிகோ படம் வந்தது. கதையும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஒரு குழந்தையின் முகத்தின் மேல் சிறுத்தையின் முகம் வந்து படியும். திடீரென்று எல்லாம் தலைகீழாகும். "சண்டை எப்ப வரும்?" என்று கேட்டபடி பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

படத்தோடு வந்த தாளைப் பார்த்துச் சித்தப்பா விளக்கினார். அங்கே பழங்குடிகளில் சிலர், பிள்ளை பிறந்ததும் குடிசையைச் சுற்றிச் சாம்பல் தூவுவார்களாம். காலையில் எந்த விலங்கின் தடம் கிடக்கிறதோ, அதுதான் பிள்ளைக்குக் காவல். அதற்கு ஒன்று ஆனால் பிள்ளைக்கும் ஆகும்.

எனக்கு எட்டு வயது. வீட்டில் தம்பி பிறந்து பத்து நாள். மாதம் நிறையாமல் பிறந்தவன், அழக்கூடத் தெம்பில்லை. அன்று சாயங்காலமே அடுப்புச் சாம்பலை அள்ளித் தொட்டிலைச் சுற்றித் தூவினேன். அம்மா, "எறும்புக்கா?" என்றாள். தலையாட்டி வைத்தேன். எதிர்வீட்டு ராஜபாளையம் நாய் வரவேண்டும் என்பது என் ஆசை.

காலையில் பதிந்திருந்ததோ எலியின் கால். அழுகை வந்துவிட்டது. நமக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் அப்பா பொறியோடு வந்தார். வீட்டிலேயே பேண்டேஜ் துணி நெய்யும் தறி வைத்திருந்த அவருக்கு எலி ஜென்ம விரோதி. பொறிக்குள் ஒன்று சிக்கியிருந்தது. தண்ணீரில் முக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏட்டி, கைய விடு. என்ன கிறுக்கு இது?"

"அதுதாம்ப்பா தம்பிக்குக் காவல்! அது செத்தா அவனும் செத்துருவான்."

அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். விம்மிக்கொண்டே சாம்பலையும் தடத்தையும் காட்டினேன்.

அப்பா எதையும் நம்பாதவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவலாக வெளியிலேயே நின்றுகொள்வார். அன்று தொட்டிலைப் பார்த்தார், பொறியைப் பார்த்தார், சைக்கிளை எடுத்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு வரப்பில் பொறியைத் திறந்துவிட்டார்.

"எய்யா, நல்லா இரு" என்றார், ஓடுகிற எலியைப் பார்த்து.

எலியைப் போய், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல எய்யா என்கிறாரே என்று வழியெல்லாம் சிரித்தேன்.

தம்பி பிழைத்தான். இன்று அவனுக்கே இரண்டு பிள்ளைகள். அந்த எலிக்கும், அந்தப் படத்துக்கும், என்னை ஏசாத அப்பாவுக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. என் அழுகையை நிறுத்தத்தான் அவர் அவ்வளவு தூரம் மிதித்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிள்ளை தங்குவது சந்தேகம் என்று முந்தின நாள் டாக்டர் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. நான் சிரித்துக்கொண்டே வந்த அந்த வழியில் அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.