நகல் எடுக்காத வரி

மார்க்கிரட்டுக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் பியானோ சொல்லித் தருகிறார். லிஃப்ட் ஏன் இரண்டாம் மாடியில் மட்டும் குலுங்குகிறது என்று பழுது பார்க்க வந்தவரை நிறுத்தி விசாரித்தவர். கணவர் ரஞ்சன் அவரோடு பாசாருக்குப் போவதையே விட்டுவிட்டார். மீன்காரரிடம் ஒவ்வொரு மீனும் எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டு முடிப்பதற்குள் பொழுது ஏறிவிடும்.

மாணவர்களின் கச்சேரிக்கு ஒரு பழைய பாட்டின் இசைத்தாளை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார். ஒரு தளம் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தைத் தட்டச் சொன்னது. தட்டினார். வழக்கமான படங்கள் வரவில்லை. விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்து, வரும் பெட்டியில் கண்ட்ரோலோடு வி எழுத்தை அழுத்தி ஒட்டு, பிறகு என்டர் தட்டு என்று வந்தது.

மார்க்கிரட்டின் கை நின்றது. அவர் எதையுமே நகல் எடுக்கவில்லையே. பிறகு எதை ஒட்டுவது?

அது என்னவென்று பார்க்க ஆசையாக இருந்தது. நோட்பேடைத் திறந்து, அங்கே ஒட்டினார். நீளமான ஒரு வரி விழுந்தது. ஆரம்பத்தில் 'பவர்ஷெல்', நடுவில் புரியாத எழுத்துகள், ஒரு இணைய முகவரி, கடைசியில் மட்டும் 'நான் ரோபோ அல்ல'.

பக்கத்து அறையில் வயலின் சொல்லித் தரும் புனிதாவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். நான் காப்பியே பண்ணல, என்னமோ வந்திருக்கு."

புனிதாவின் முகம் மாறியது. "அக்கா, காலையில நானும் இந்தப் பாட்டத்தான் தேடினேன், இதே பேஜ்ல அவங்க சொன்னபடி செஞ்சேன். கறுப்பா ஒரு விண்டோ வந்து போச்சு. ஒண்ணும் ஆகல லா."

"வந்தது என்ன செஞ்சிட்டுப் போச்சு?"

மார்க்கிரட் அந்த வரியின் முதல் சொல்லைத் தன் கைப்பேசியில் தேடினார். கணினிக்கு நேரடியாக உத்தரவு போடும் கருவி அது. அதில் இருந்த முகவரியிலிருந்து எதையோ இறக்கி, கேட்காமலேயே ஓட்டும்படி அந்த வரி சொல்லியிருக்கிறது.

உடனே புனிதாவின் மடிக்கணினியில் வைஃபையைத் துண்டித்தார்கள். கைப்பேசியில் அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தபோது, அவள் கால் வைக்காத ஒரு நாட்டிலிருந்து யாரோ உள்ளே நுழைந்திருந்தது தெரிந்தது. கடவுச்சொல்லை மாற்றினாள், மற்ற கருவிகளையெல்லாம் வெளியேற்றினாள், வங்கிக்குப் பேசினாள். மாணவர்களின் பெற்றோர் சிலருக்கு அவள் பெயரில், கட்டணத்தைப் புதுக் கணக்கில் போடும்படி மின்னஞ்சல் போயிருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நல்லவேளை, யாரும் இன்னும் போடவில்லை.

சுபாங் ஜெயாவில் ஒரு கணினிக் கடையில் மடிக்கணினியில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். மாணவர்கள் வாசித்த பதிவுகள் போயின. புனிதா அதற்குத்தான் அழுதாள்.

மார்க்கிரட் கடைக்காரரை விடவில்லை. "நான் காப்பி பண்ணாம அது எப்படி வந்துச்சு?"

"கட்டத்தை டிக் பண்ணீங்க இல்ல, ஆன்டி? அப்பவே அந்தப் பேஜ் உங்களுக்குத் தெரியாம காப்பி பண்ணி வச்சிடும். எந்த நல்ல வெப்சைட்டும் அந்தப் பெட்டியில ஒட்டச் சொல்லாது."

"அப்ப வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாம வைக்க முடியும்?"

கடைக்காரர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இது சீக்கிரம் முடியாது என்று தெரிந்து, புனிதா அவர்களுக்குப் பால் கலக்காத இரண்டு தே ஓ வாங்கி வந்தாள்.